மாமனாருக்கு வாங்கிக் கொடுத்த நீளமான காப்பி

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய உண்டு. அது பரவாயில்லை. "தெரியாது" என்று சொல்ல வாய் வராது பாருங்கள், அதுதான் என் வியாதி. அந்த வியாதி ஒருநாள் முற்றிப்போனதில் நீங்கள் இரண்டு பேருமே பிறக்காமல் போயிருப்பீர்கள்.

எண்பதுகளில் நடந்தது. கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலையில், செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடும் வேலை எனக்கு. உங்கள் அம்மா டவுனில் ஒரு துணிக்கடையில் இருந்தார். நான் அங்கே ஒரே மாதத்தில் நான்கு துண்டு வாங்கினேன். (எனக்கு இருந்தது ஒரு தலைதான்.) ஐந்தாவது துண்டுக்கு முன்னால் என் வீட்டில் விஷயம் தெரிந்து, பெண் கேட்டுப் போய்விட்டார்கள்.

உங்கள் தாத்தா அப்போது ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோர், ஆள்களை வேலை வாங்குகிற கங்காணி. அவர் குரல் கொடுத்தால் நாலு லய வீட்டு வரிசை தள்ளி நாய் எழுந்து நிற்கும். அவர் சொல்லியனுப்பினார்: "பையனத் தனியா பாக்கணும். கூட ஆளு வந்தா, ஆளுதான் பேசுவான்."

இடம், கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக் கடை. நேரம், மதியம். அம்மாவுக்கும் அப்போதுதான் சாப்பாட்டு நேரம், வந்துவிடுவார்.

எங்கள் லயத்தில் காப்பி என்றால் ஒரே காப்பி. கடையிலோ அதற்கு ஆயிரம் பெயர். அவற்றில் எது உயர்ந்தது? யாரையும் கேட்கவில்லை. (வியாதி!) நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்றால் ஒரு சொல். பெரிய கிராணி என்றால் இரண்டு சொல், வீடும் பெரிசு. பெயர் நீண்டால் மதிப்பும் கூடும். காப்பிக்கும் அப்படித்தானே இருக்க வேண்டும்?

செகிஞ்சானிலிருந்து வரும் ஒரு லோரி டிரைவர், கழுத்தில் விரல் தடிமனுக்குச் சங்கிலி போட்டவர், தினமும் ஒரு காப்பி சொல்வார். நான் கேட்டதிலேயே நீளமானது அதுதான். ஒரு வாரம் அதைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தேன்.

தாத்தா அவருடைய தங்கச்சியோடு, அதாவது அம்மாவின் அத்தையோடு, வந்து உட்கார்ந்தார். நான் கையைச் சொடுக்கிக் கடை முதலாளியைக் கூப்பிட்டேன். "தவுக்கே! கோப்பி ஓ கோசோங் காவ் பெங்! அம்பாட்!"

நான்கு கிளாஸ். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "செமுவா கோசோங்?" எல்லாமே அப்படியா என்று கேட்கிறார். இவ்வளவு விலை உயர்ந்த காப்பியை நான்கு பேருக்கும் வாங்குகிறானே என்ற ஆச்சரியம் போலும் என்று நினைத்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

உங்கள் அம்மாவும் காப்பியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். காப்பி ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி கிளாஸில் நின்றது. மேலே ஐஸ்.

தாத்தா ஒரு வாய் இழுத்தார். கண் சிறுத்தது. தொண்டைக்குழி மேலே போய்க் கீழே வர நேரம் எடுத்தது. "நல்லாருக்கு தம்பி," என்றார். இன்னொரு வாய். அரை கிளாஸ் போய்விட்டது.

அத்தை ஒரு வாய்தான் குடித்தார். கிளாஸை டொக்கென்று வைத்தார்.

"அண்ணே, எந்திரி."

"ஏம்மா?"

"பொண்ணு வேணாம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? ஒரு பொட்டு சீனி இல்ல. நல்ல காரியம் பேச வந்தவங்களுக்கு இப்படித்தான் குடுப்பாங்களா?"

உங்களுக்கு இது விளங்காது. லயத்தில் விருந்தாளி காப்பியில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவு சீனி. சீனி குறைந்தால் "நீ கிளம்பலாம்" என்று அர்த்தம். நான் நான்கு பேரையும் கிளம்பச் சொல்லி, என் காசில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தாத்தாவும் நாற்காலியைத் தள்ளினார். என் நான்கு துண்டும் கண் முன்னால் வந்து போயின.

அப்போதுதான் உங்கள் அம்மா முதல் தடவையாக என்னிடம் துணி விலையைத் தவிர வேறு ஒன்றைப் பேசினார். "கடையில என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்பா, உக்காருங்க. 'ஓ'ன்னா சீனத்துல கறுப்பு. பாலு கெடையாது. 'கோசோங்'னா மலாயில ஒண்ணுமில்ல. சீனியும் கெடையாது. 'காவ்'னா கெட்டி. 'பெங்'னா ஐசு. இவரு வேணாம்னு சொல்லலப்பா. ஒசத்தியா வாங்குறதா நெனச்சு வாங்கிட்டாரு."

தாத்தா விரல் விட்டு எண்ணினார். "அப்ப பேரு நீள நீள பாலு, சீனின்னு ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வந்துட்டானா?"

"பாலும் சீனியும் வேணும்னா வெறும் கோப்பின்னு சொன்னா போதும்ப்பா."

"ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தை."

தாத்தா என் பக்கம் திரும்பினார். பிறகு அந்த நாலு லயக் குரலில் சிரித்தார் பாருங்கள், கடைக்காரர் கையில் இருந்த காப்பி வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"இவன் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி வாங்குனான். நான் தெரியாததத் தெரிஞ்ச மாதிரி அர கிளாசு குடிச்சேன். ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்லா!" அத்தையிடம் திரும்பி, "ஒக்காரும்மா. மாப்பிள்ளைக்கு நல்ல கோப்பி சொல்லுவோம்," என்றார்.

மாப்பிள்ளை! அடுத்து வந்த காப்பியில் பால் இருந்ததா, சீனி இருந்ததா, எனக்கு நினைவில்லை. அத்தை மட்டும் கலக்கிப் பார்த்துவிட்டு, அடியில் கட்டிப்பால் தெரிந்த பிறகுதான் முகம் மலர்ந்தார்.

(அந்தச் சங்கிலி டிரைவருக்கு இனிப்பு நீர் வியாதி என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்புறம், "கோப்பி சி" என்று ஒன்று உண்டு, இனிக்காத டின் பால் ஊற்றியது. அந்த "சி" ஒரு பால் டின்னின் முதல் எழுத்து என்கிறார்கள் சிலர். ஹைனான் சீனர் பேச்சில் "புதுசு" என்பதற்கான சொல் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? தெரியாது. பாருங்கள், இப்போதெல்லாம் சொல்ல வருகிறது.)

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விருந்தாளிகள் முன்னால் நான் தெரியாத விஷயத்தை நீட்டி முழக்கத் தொடங்கினால், அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா குரல் கொடுப்பார்: "பேரு நீளமா இருக்கு. சீனி எங்கங்க?"

தாத்தாவுக்குப் புரை ஏறும். நீங்கள் இரண்டு பேரும் ஏன் என்று தெரியாமலே சேர்ந்து சிரிப்பீர்கள். இனிமேல் தெரிந்துகொண்டே சிரிக்கலாம்.