மாடிப்படி அண்ணேயின் மூன்று நோட்டுகள்

பினாங்குத் தீவு முழுக்கத் தேடினாலும், ஒரு லிஃப்டோடு கோபித்துக்கொண்டு உறவை முறித்த மனிதர் எங்கள் மாடிப்படி அண்ணே ஒருவர்தான் இருப்பார். அதில் அவஸ்தைப்பட்டது என்னவோ நான்.

சுங்கை பினாங்கில் எங்களுடையது அரசாங்கத்தின் மலிவு வாடகை அடுக்குமாடி. வருஷக்கணக்கில் செத்துக் கிடந்த லிஃப்டை ஒருவழியாக மாற்றினார்கள், சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கடிதம் வந்தது. வசதி கூடிவிட்டதால் மாதம் ஐம்பது வெள்ளி கூடுதல் வாடகை, கட்டாதவர்கள் காலி செய்ய வேண்டும். எல்லாரும் பெருமூச்சு விட்டுக் கட்டினோம். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் காவல்காரரான அண்ணேக்கு அது ஒரு வாரச் சமையல் செலவு. மேல்முறையீடு எழுதிப் போட்டார்.

“நான் லிஃப்ட் கேட்டனா? ஏறவே மாட்டேன் லா. ஏறாதவன் எதுக்குத் தம்பி கூடக் கட்டணும்?”

அவர் வீடு பன்னிரண்டாவது மாடி, என்னுடையது ஆறாவது. அரிசி மூட்டையானாலும் கேஸ் சிலிண்டரானாலும் தோளில்தான். புதுப் பெயிண்டில் முதுகைக்கூடச் சாய்க்க மாட்டார். தினமும் மாலை ஏழு மணிக்கு என் வாசலில் நின்று மூச்சிரைப்பார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

“தம்பி, தண்ணி. அப்படியே ஒரு சைன்.”

படியேறித்தான் வந்தார் என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். காய்ச்சலில் படுத்த அன்றும் போர்வையோடு எழுந்து போட்டேன். மூன்று நோட்டு தீர்ந்தது.

விசாரணைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். அதிகாரி தமிழ்ப் பெண். நோட்டுகளைப் புரட்டி அசந்துபோனார்.

“வீட்டுல வேற யாரும் லிஃப்ட் ஏறுறதில்லையே அங்கிள்? இல்லேன்னா சொல்லுங்க, குறைக்கச் சொல்லி எழுதுறேன்.”

ஒரே ஒரு ‘இல்லை’ போதும். அண்ணே தலையைச் சொறிந்தார்.

“வீட்டுக்காரி ஏறுறா.”

போச்சு! திரும்பும் பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

“இல்லேன்னு சொன்னா என்னண்ணே? எத்தனை சைன் போட்டிருக்கேன்!”

“உன் அண்ணிக்கு முட்டி வலி. நாலு வருஷமா கீழயே இறங்கல தம்பி. இப்பத்தான் தினம் பசாருக்குப் போயி மீன்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு வர்றா. அதைப் போயி இல்லேன்னு எப்படிச் சொல்றது?”

இப்போது கூடுதல் வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறார். “அதான் கட்டுறீங்களே, இனியாவது லிஃப்டுல போங்க” என்றேன்.

“அது அவ ஏறுறதுக்கு லா. நான் ஏறலையே!”

இன்றும் ஏழு மணிக்கு நோட்டு வருகிறது. யாரிடம் காட்டப் போகிறாரோ, நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஏழேகால் ஆகியும் இரைப்புச் சத்தம் கேட்காவிட்டால், தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நானே படியிறங்கிப் போகிறேன்.