விலாவில் ஒரு நல்லிணக்கப் பகுதி

நீதி தராசில் இல்லை, ஆட்டின் விலாவில் இருக்கிறது. இந்த உண்மையைக் கண்டறிந்து உலகுக்கு வழங்கிய பெருமை ஒரு கம்பளிப் பண்ணையின் மேலாளரைச் சேரும். உலகம் அதை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. அது உலகத்தின் குறை.

மேலாளர் நல்லவர். யார் மனமும் நோகக் கூடாது என்பது அவர் கொள்கை. பேருந்தில் எவராவது தம் காலை மிதித்தால், கால் அங்கே இருந்ததற்காகத் தாமே மன்னிப்புக் கேட்பார். ஆடுகள் மீதும் அவருக்குப் பிரியம் உண்டு. பட்டிக்குள் ஒரு சுற்றுப் போய்வராமல் அலுவலகக் கதவைத் திறக்க மாட்டார்.

அந்த ஆண்டு அந்தச் சுற்று அவருக்கு வேதனையாக இருந்தது. உண்ணி, பேன், கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி என்று முப்படைகளும் மந்தைக்குள் முகாமிட்டிருந்தன. ஆடுகள் உரசி உரசி, வேலிக் கம்பங்களுக்குக் கம்பளி போர்த்திவிட்டிருந்தன.

தலைமை அலுவலகம் தொலைபேசியில் அன்பாகப் பேசியது.

"இந்தத் தடவையும் கம்பளி ரெண்டாந்தரம்னா மந்தையைக் கறிக்குக் கொடுத்துடலாம்னு இருக்கோம். நீங்க கவலைப்படாதீங்க, உங்களை வேற எடத்துக்கு மாத்திடுவோம்."

"ஆடுங்களை?"

"அதான் சொன்னேனே."

ஆக, நல்ல மருந்தாகப் பார்த்து வாங்கி, தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஆடுகளை முக்கி எடுக்க வேண்டும். அப்படி இரண்டு மருந்துகள் கிடைத்தன. ஒன்று நீலம், அதை விற்பவர் மேலாளருடைய மனைவியின் அண்ணன். மற்றது மஞ்சள், அதை விற்பவர் மனைவியின் தங்கை கணவர். ஒருவர் மச்சான், ஒருவர் சகலை. விஞ்ஞானம் இந்த இடத்தில் கைகூப்பி விடைபெற்றுக்கொண்டது.

கால்நடை மருத்துவர் இரண்டு டப்பாக்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் நல்ல மருந்துதான். எதை வேணா வாங்குங்க. ஆனா ஆட்டை முழுசா முக்கணும். ஒரு எடம் நனையாம விட்டா, மொத்தப் பூச்சியும் அங்க போய்க் குடியேறிடும்."

"எதை வேணான்னா, எதை டாக்டர்?"

"எதை வேணா."

"நீங்க ஒண்ணைச் சொல்லிட்டா எனக்குக் கொஞ்சம் வசதியா இருக்கும்."

"உங்க குடும்பத்துக்குள்ள நான் எதுக்குங்க?" என்று மருத்துவர் பையை மூடினார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் எனக்கு ஒரு கண்ணு, தங்கச்சி ஒரு கண்ணு. எந்தக் கண்ணுல குத்துறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் தலையிட மாட்டேன்."

சாப்பாட்டு வேளையில் தட்டில் விழுந்த கரண்டிச் சத்தத்தில் அந்தத் தலையிடாமை தெளிவாகவே கேட்டது.

"பாதி மந்தைக்கு அதை, பாதி மந்தைக்கு இதைப் போட்டா?" என்றார் மேலாளர்.

"ஏங்க, அப்புறம் எது நல்ல மருந்துன்னு தெரிஞ்சுபோயிடாதா?"

மேலாளருக்குப் புரையேறியது. எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்று தண்ணீர் குடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டில் ஒன்று மேல் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் ஒரு குடும்பம் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும்?

"அப்படின்னா, ஒரே ஆட்டுல..." என்றார் மெதுவாக. மனைவி நிமிர்ந்து பார்த்தார். பெரிய தத்துவங்கள் இப்படித்தான் வாய்க்குள் சோறு இருக்கும்போது பிறக்கின்றன.

மறுநாள் பண்ணை அலுவலகத்தில் முத்தரப்பு மாநாடு கூடியது. மேசை மேல் இரண்டு டப்பாக்கள், இரு பக்கமும் மச்சானும் சகலையும், நடுவில் மேலாளர். உத்தரவு வாங்கிப் போகத் தொட்டிக்காரர் வாசலில் நின்றார்.

"ஒவ்வொரு ஆட்டுக்கும் முன்பாதி ஒரு மருந்து, பின்பாதி ஒரு மருந்து," என்று மேலாளர் அறிவித்தார்.

"மூத்தவன் நான். தலை எனக்குத்தான் மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

சகலை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "அப்ப வால் எனக்கா? என்ன சகலை, கூப்பிட்டு வச்சு அசிங்கப்படுத்துறீங்க?"

"வாலுன்னு ஏன் நினைக்கிறீங்க? உண்ணி அங்கதான் ஜாஸ்தி. பொறுப்பான எடம். தொடை வேற இருக்கு."

தொடை என்றதும் சகலை உட்கார்ந்தார். மச்சான் எழுந்தார்.

"தொடையெல்லாம் அவருக்கு, எனக்கு வெறும் மூஞ்சியா?"

"கழுத்து இருக்கு மச்சான். ரெண்டு காது இருக்கு."

காதுகளை மச்சான் எதிர்பார்த்திருக்கவில்லை. நெகிழ்ந்துபோய் அமர்ந்தார்.

வாசலிலிருந்து தொட்டிக்காரர் கேட்டார்: "வேற மருந்தோட கலக்கக் கூடாதுன்னு ரெண்டு டப்பாவுலயும் போட்டிருக்கே சார். நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு பட்டா?"

மாநாடு சிந்தனையில் ஆழ்ந்தது. முடிவில், விலாவைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு இரு தரப்பும் நுழையக் கூடாது என்றும், இருபுறமும் சிவப்புச் சாயத்தில் எல்லைக்கோடு போடுவது என்றும் ஒருமனதாகத் தீர்மானமானது. இடைப்பட்ட இடத்துக்கு மேலாளரே 'நல்லிணக்கப் பகுதி' என்று பெயர் சூட்டினார்.

"அந்த எடத்துக்கு என்ன மருந்து சார்?"

"அதுக்கு மருந்து வேண்டாம்பா. அது நல்லிணக்கப் பகுதி."

"பூச்சிக்குச் சொல்லியாச்சா சார்?"

கேள்வி, நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் நிராகரிக்கப்பட்டது.

குளியல் சிறப்பாக நடந்தேறியது. ஆட்டைத் தலைகுப்புறப் பிடித்து நீலத் தொட்டியில் கோடு வரை இறக்கினார்கள். காய்ந்ததும் பின்புறமாகப் பிடித்து மஞ்சள் தொட்டியில் கோடு வரை உட்கார வைத்தார்கள். முன்னே நீலம், பின்னே மஞ்சள், நடுவே அழுக்கு வெள்ளை. ஏதோ புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் கொடி போல ஆடுகள் வெயிலில் நின்றன. மச்சான் முன்பாதியைப் புகைப்படம் எடுத்தார். சகலை பின்பாதியை எடுத்தார். ஒரு முழு ஆட்டின் படம் யாரிடமும் இல்லை.

நீலத்துக்குத் தப்பிய பூச்சிகள் பின்னோக்கி ஓடின. மஞ்சளுக்குத் தப்பியவை முன்னோக்கி ஓடின. நல்லிணக்கப் பகுதியில் அவை சந்தித்தன. உண்ணியென்றும் பேனென்றும் பேதம் பாராமல் அங்கே கூடி வாழ்ந்தன, பிள்ளைகுட்டிகளோடு பெருகின. பெயர் வைத்தால் அதற்கேற்ப நடந்துகொள்ளும் குடிமக்கள் எத்தனை நாட்டுக்கு வாய்க்கும்?

கத்தரிப்பு நாளில் கம்பளி வியாபாரி ஒரு முழுக் கம்பளியைப் பலகையில் விரித்தார்.

"முன்னால தங்கம். பின்னாலயும் தங்கம். நடுவுல என்னங்க இது, கால்மிதி மாதிரி?"

"அது... பொதுவான எடம்," என்றார் மேலாளர்.

"உடம்புலயே நல்ல கம்பளி விலாவுலதாங்க. அதை விட்டுட்டு, காதைக் காப்பாத்தி வச்சிருக்கீங்களே."

"அப்ப, தரம்?"

"ரெண்டாந்தரத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லைங்க. இருந்தா அதைப் போட்டிருப்பேன்."

"என் பக்கம் சுத்தம்," என்றார் மச்சான். "என் பக்கமும்தான்," என்றார் சகலை. கல்யாணமான நாளிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த இருவரும் அன்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு இரண்டு கண்களும் சம அளவில் கலங்கின.

லாரி வந்தது. ஏற்றும் பலகையருகே மேலாளர் நின்றார். ஒரு கிழட்டுப் பெட்டை மட்டும் ஏறாமல் நின்று, விலாவை அவர் முழங்காலில் வைத்து அழுத்தித் தேய்த்தது. அவர் குனிந்து சொறிந்துவிட்டார். அது கண்ணை மூடிக்கொண்டது.

"நேரமாகுது சார்," என்றார் ஓட்டுநர்.

அப்போது மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணனும் தங்கச்சி வீட்டுக்காரரும் ஒரே சோபாவுல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்காங்க. எல்லாம் உங்களாலதாங்க. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. தூசி."

இப்படியாக அந்த மாமனிதர் எவர் மனமும் நோகாமல் ஒரு மந்தையை வழியனுப்பி வைத்தார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஆடுகளிடம்தான்: அவற்றில் ஒன்றே ஒன்று மனைவி வழியில் சொந்தமாக இருந்திருந்தால் போதும், மொத்த மந்தையும் பிழைத்திருக்கும்.