இடக்கைக்காரர்: இல்லை

முப்பத்து நான்கு வருட அரசு வேலையில் நான் ஒரே ஒரு பொய்ச் சான்றிதழில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விதிமுறைப்படி பார்த்தால் அதுவும் பொய்யில்லை. தொல்லையே அதுதான்.

கடலோரக் கண்காணிப்பு சம்பந்தப்பட்ட ஒரு துறையில் கண்காணிப்பாளராக இருந்தேன். (துறையின் பெயர் வேண்டாம். ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.) அலுவலகம் மண்டபத்தில், வீடு ராமநாதபுரத்தில். மனைவி கோமதி அங்கே கணக்கு ஆசிரியை. மகள் பதினொன்றாம் வகுப்பு. அந்த வருடம் இடமாற்றப் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. போக வேண்டிய ஊர் வடகிழக்கில், மூன்று ரயில் மாறிப் போகும் தூரத்தில். இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தேன். அது சென்னையில் கூடுதல் ஆணையர் மேடத்தின் மேஜையில் கிடந்தது.

"அந்த மனு முடியிறவரைக்குமாச்சும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றாள் கோமதி. "யாருக்கும் ரூல் சொல்லிக் குடுக்காதீங்க."

சும்மா இருந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய ரிவால்வர்களை மாற்றிவிட்டுப் புதுக் கைத்துப்பாக்கி வாங்க முடிவாயிற்று. மூன்று மாதிரிகள் வந்தன. ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. (மற்றவர்களுக்கு அல்வா எப்படியோ, எனக்கு ஒப்பீட்டுப் பட்டியல் அப்படி.)

மூன்றும் ஒரே ரகம். முதல் தோட்டாவுக்கு விசையை நீளமாக, பலமாக இழுக்க வேண்டும். அந்த இழுப்பே துப்பாக்கியின் பின்பக்கத்துச் சுத்தியலைத் தூக்கி அடிக்கும். ஒருமுறை சுட்டபின் சுத்தியல் தானாகவே நிமிர்ந்து நின்றுகொள்ளும். அப்புறம் லேசாகத் தொட்டாலே வெடிக்கும். நிமிர்ந்த சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு யாரும் படகில் ஏற முடியாது. (ஏறலாம். இறங்குவது நிச்சயமில்லை.) அதனால், சுடாமலே சுத்தியலை இறக்கி வைக்க ஒரு சின்ன லீவர் உண்டு. டீகாக்கிங் லீவர் என்போம். மூன்று மாதிரிக்கும் வித்தியாசமே அதில்தான்.

'அ' மாதிரியில் லீவர் துப்பாக்கியின் மேல்பகுதியில் இருந்தது. அழுத்தினால் சுத்தியல் இறங்கும். லீவரும் கூடவே கீழே படுத்துவிடும். அது படுத்திருக்கும்வரை துப்பாக்கி சுடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அலுவலகம் போல, வேலை ஆக வேண்டுமென்றால் யாராவது எழுப்ப வேண்டும். 'ஆ' மாதிரியில் லீவர் கைப்பிடிக்குச் சற்று மேலே, இடது பக்கத்தில், வலது கட்டைவிரலுக்கு வாகாக. அழுத்தினால் சுத்தியல் இறங்கும். விட்டால் லீவர் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். சொன்ன வேலையை முடித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பும் குமாஸ்தா. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 'இ' மாதிரியும் அதேபோலத்தான், ஆனால் லீவர் இரண்டு பக்கமும். விலை கூடுதல்.

ஆயுத அறைப் பொறுப்பில் இருந்தவர் சேசு. பாம்பன் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. நடக்கப் பழகியதே படகில் என்பார்கள்.

"சார், 'இ'யவே எழுதிருங்க," என்றார்.

"எதுக்கு?"

"படகு ஆடுறப்ப ஒரு கை கயித்துல இருக்கும் சார். எந்தக் கை சும்மா இருக்கோ, அந்தக் கையாலதான எடுக்க ஏலும்?"

"கயித்தைப் பிடிக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

"விதியில இல்ல சார். கடல்ல இருக்கு."

தேவைக்கு மிஞ்சிய அம்சத்துக்குச் செலவு செய்யக் கூடாது என்பது கொள்முதல் விதி. இரண்டாவது லீவர் தேவை என்றால் இடக்கைக்காரர் இருப்பதற்கு ஆதாரம் வேண்டும். சுற்றறிக்கை விட்டேன்: இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கவும். ஒருவரும் தெரிவிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். நான் இடக்கைக்காரன். எழுதுவதும் சாப்பிடுவதும் மட்டும் வலது கை. (முன்னதைப் பள்ளிக்கூடப் பிரம்பும் பின்னதை அம்மாவின் கரண்டியும் மாற்றின.) மற்றபடி கதவு திறப்பது, கொசு அடிப்பது, வருடா வருடம் எல்லோர் முன்னிலையிலும் ரிவால்வர் சுடுவது எல்லாம் இடது கைதான். பழைய ரிவால்வரில் சுத்தியலை இறக்க லீவர் ஏதும் கிடையாது. அது எந்தக் கை என்று கேட்டதில்லை.

சேசு தலையைச் சொறிந்தார். "சார், நீங்களே பீச்சாங்கைதான சார்?"

"யாராவது எழுதிக் குடுத்துருக்காங்களா?"

"நீங்களே எழுதி நீங்களே வாங்கிக்கங்களேன்."

"அனுப்புநரும் பெறுநரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது, சேசு."

"மாதாவே!" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

'இவ்வலுவலகத்தில் இடக்கைக்காரர்: இல்லை' என்று சான்றளித்துக் கையெழுத்திட்டேன். மாதிரிகளைச் சோதித்ததும் முறைப்படிதான்: நாற்காலியில் அமர்ந்து, படிவத்தில் கண்டபடி வலது கையால், ஒவ்வொன்றும் பத்து முறை. 'ஆ' வென்றது. பட்டியலின் ஒன்பதாம் கலத்தில் அதற்கு ஒரு கூடுதல் சிறப்பும் குறித்திருந்தேன்: கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டால் விசையை இழுத்தாலும் சுடாது. துப்பாக்கிகள் வந்ததும் பயிற்சிக்குப் பதினான்கு விதிகளும் நானே எழுதினேன்.

முதல் பயிற்சியைப் பார்க்கக் கூடுதல் ஆணையர் மேடமே வந்தார். என் கொள்முதல் கோப்பு அவர் கையில். என் மனு அவர் பையில். எதிரே மணல்மேடு, அதன் முன் இலக்குப் பலகை. எங்களுக்குப் பின்னால் பந்தல், இளநீர், மொத்த அலுவலகமும். செய்துகாட்டும் பாக்கியத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விதிகளை உரக்கச் சொல்லியபடியே மேஜையிலிருந்த துப்பாக்கியை எடுத்தேன். எந்தக் கையால் எடுத்தேன் என்று நான் கவனிக்கவில்லை. பெட்டியைச் செருகி, மேல்பகுதியை இழுத்து விட்டேன். தோட்டா உள்ளே போயிற்று; சுத்தியல் நிமிர்ந்து நின்றது.

"விதி ஏழு! சுடாமல், கட்டைவிரலால் லீவரைக் கீழே அழுத்தவும்!"

கட்டைவிரல் போயிற்று. அங்கே லீவர் இல்லை. வழுவழுவென்று வெறும் இரும்பு. அப்போதுதான் துப்பாக்கி இடது கையில் இருப்பதைப் பார்த்தேன். லீவர் அந்தப் பக்கம், கட்டைவிரல் இந்தப் பக்கம். நடுவில் அரசாங்கப் பணத்தில் நான் மிச்சம் பிடித்த இடம்.

கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விதி நான்கு: குண்டேற்றிய துப்பாக்கியை எக்காரணம் கொண்டும் கை மாற்றக் கூடாது. சற்று முன்புதான் 'எக்காரணம் கொண்டும்' என்பதை இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருந்தேன். ஆள்காட்டி விரலை அந்தப் பக்கம் அனுப்பித் துழாவினேன். ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினேன். தோட்டாப் பெட்டி கழன்று என் காலில் விழுந்தது.

சரி, இலக்கைச் சுட்டாவது தொலைப்போம் என்று விசையை இழுத்தேன். அசைவில்லை. ஒன்பதாம் கலம்.

உள்ளே தோட்டா, நிமிர்ந்த சுத்தியல், சுடவும் முடியாது, இறக்கவும் முடியாது. மணல்மேட்டை நோக்கிக் கையை நீட்டியபடி சிலையாக நின்றேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஒரு காகம் இலக்குப் பலகையின் மேல் வந்து உட்கார்ந்து நிதானமாக என்னைப் பார்த்தது.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம் பின்னாலிருந்து.

"விதி நாலுக்கும் விதி ஏழுக்கும் முரண்பாடு, மேடம்."

பந்தலில் யாரோ தும்மினார்கள். தும்மல் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

சேசு என் இடது பக்கமாக வந்தார். "சார், அப்படியே நில்லுங்க. விரலை வெளிய எடுங்க. நான் வாரேன்." ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலால் லீவரை அழுத்தினார். 'டக்'. சுத்தியல் இறங்கியது. துப்பாக்கியை வாங்கி உள்ளே இருந்த தோட்டாவையும் எடுத்தார். "கயிறு இல்லாமயே இந்தப் பாடு சார்," என்றார் என் காதுக்கு மட்டும்.

மேடம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார்.

"நீங்க லெஃப்ட் ஹேண்டரா?"

மனைவி, மகள், மூன்று ரயில், எல்லாம் கண் முன்னால் வந்தன. ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதனாகப் பிறந்த எவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"கோப்பின்படி இல்லை, மேடம்."

"இந்தச் சான்றிதழ்ல கையெழுத்து யாரோடது?"

"என்னோடது, மேடம்."

"எந்தக் கையால போட்டீங்க?"

"வலது கையால, மேடம். அது உண்மை."

மேடம் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டு கார் பக்கம் நடந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. பந்தலில் அதற்குப் பிறகு யாரும் தும்மவில்லை, வெளிப்படையாகவே சிரித்தார்கள்.

அன்று மாலை கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பரணிலிருந்த கம்பளிப் போர்வையை எடுத்து உதறிக் கொடியில் காயப்போட ஆரம்பித்தாள். வடகிழக்கில் குளிர் அதிகமாம்.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. தவறான சான்றின் பேரில் கொள்முதல் நடந்திருப்பதால், சான்றளித்த அலுவலரே மறு சுற்றறிக்கை விட்டு, புதிய ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, 'இ' மாதிரிக்கு மாற்றி முடிக்க வேண்டும். அதுவரை அவரை இடமாற்றம் செய்யக் கூடாது. என் மனுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேவையும் இல்லை. வேலையை நான் தாமதப்படுத்தவில்லை. முறைப்படி செய்தேன், அவ்வளவுதான். இரண்டு வருடம் ஒரு மாதம் ஆயிற்று. மறு சுற்றறிக்கையில் என்னோடு இன்னும் இருவர் இடக்கைக்காரர் என்று தெரியவந்தது. முன்பே ஏன் எழுதித் தரவில்லை என்று கேட்டேன். "நீங்களே தரலையே சார்," என்றார்கள்.

மகள் பிளஸ் டூ முடித்து, படித்து, கல்யாணமும் ஆகிவிட்டது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் வீட்டில் ஓய்வு பெறவில்லை. மாப்பிள்ளை தான் குறட்டை விடுவதில்லை என்று சொன்னால், "கோப்பின்படி இல்ல," என்பாள் மகள். பொரித்து வைத்த சீலா மீனில் இரண்டு துண்டு குறைந்தால் கோமதி என்னிடம்தான் வருவாள்: "நீங்க எடுக்கல. கோப்பின்படிதான?"

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். "சர்க்கரை இருக்கா ஐயா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். "கோப்பின்படி இல்லைங்க டாக்டர்," என்றாள் கோமதி. அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டார். ஊசியோடு வந்த நர்ஸ் கேட்டார்: "ஐயா, எந்தக் கை பழக்கம்? மத்தக் கையில எடுக்கிறேன்."

"இடது," என்றேன்.

கோமதி கைப்பையைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.