வைரவர் பாதுகாப்பு நூல்

2004ஆம் ஆண்டு நெளுக்குளத்தில் மழை பிந்தியது, ஈமெயில் பிந்தவில்லை. சண்டை நின்றிருந்த காலம். ரெலிபோன் கம்பி வந்தது, கம்பிக்குப் பின்னால் இன்ரநெற் வந்தது, அதற்குப் பின்னால் பயம் வந்தது. "ஈமெயிலை வழியில ஆரோ உடைச்சுப் பாக்கிறாங்களாம்" என்று யாரோ சொன்னார்கள். அந்த "ஆரோ" ஆர் என்று எவரும் விசாரிக்கவில்லை.

பயம் வந்த மூன்றாம் நாள் பரியாரியார் வந்தார்.

பாம்புக்கடிக்குப் பரியாரியார் உண்டு, எலும்பு முறிவுக்கு உண்டு. தவராசா இன்ரநெற்றுக்குப் பரியாரியார். கொழும்பில் மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்தவர். படித்ததை ஒன்பது மாதம் படிப்பித்தவர். வவுனியா வீதியோரம் இரண்டு கொம்பியூட்டரும் ஒரு சூலமும் வைத்து நெற் கபே திறந்தார். மோடம் "கிரீச்... கர்ர்" என்று கத்தும்போது கையெடுத்துக் கும்பிடுவார். "வைரவற்ற நாய் குரைக்குது. வழி திறக்குது" என்பார். சனமும் கும்பிட்டது.

"வெளிநாட்டு வங்கியெல்லாம் பாவிக்கிற சாமான், வீ.பி.என்" என்று அறிவித்தார். "அதின்ர முழுப்பேர் வெள்ளைக்காரனுக்கே தெரியாது. நான் சொல்லுறன். வைரவர் பாதுகாப்பு நூல்!"

முஸ்லிம் ஆட்கள் வந்தால் அது "விசேட பாதுகாப்பு நூல்" ஆகிவிடும். எழுத்து மூன்றும் அப்படியே இருக்கும். சாமி மட்டும் இறங்கி நிற்பார்.

கறுப்பு நூல், முந்நூறு ரூபா. ஆனால் வெறும் நூல் வேலை செய்யாது. எந்த ஈமெயிலுக்குக் காவலோ, அதன் கடவுச்சொல்லைப் பரியாரியாரின் இடது காதில் மூன்று தரம் ஓத வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பெரிய எழுத்தோ, சின்ன எழுத்தோ?" என்று கேட்பார். வைரவருக்கு ஆங்கில இலக்கணம் முக்கியம்.

வரிசை எவ்வளவு நீளம் என்றால், வாலில் நின்ற ஒரு பெடியனும் பெட்டையும் தலைக்கு வந்து சேர்வதற்குள் கலியாணம் பேசி முற்றாகிவிட்டது. நான் கண்ணால் கண்டது. பொய் சொல்லும் வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன்.

மத்தியானம் ஒன்று முதல் இரண்டு வரை பரியாரியாருக்குத் தியானம். கதவு பூட்டியிருக்கும். உள்ளேயிருந்து விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் வரும். தியானம் முடிந்து வந்தாரென்றால் வாக்குத்தான். "உங்கட அண்ணர் கனடாவில வீடு மாறிட்டார்." மாறியிருப்பார். "உங்கட மருமகள் உங்களைப் பற்றி நல்லாக் கதைக்கேல்லை." கதைத்திருக்க மாட்டாள். சனம் மெய்சிலிர்த்தது. ஈமெயிலில் எழுதியதெல்லாம் வைரவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ!

இந்த வரிசையில் ஜொஹறாவும் நின்றார். அவருடைய மகள் அஸ்னாவுக்கு றிப்னாஸ் என்ற பிள்ளையைப் பேசி வைத்திருந்தது. அவன் கட்டாரில் வேலை. நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அஸ்னா படித்த பிள்ளை. ஆனால் தன் கடவுச்சொல்லை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்திருந்தாள். படித்தவர்கள் செய்யும் மடைத்தனம் அது. உம்மா அதைத் துண்டில் எழுதிக்கொண்டு போய் ஓதிவிட்டு, நூலோடு வந்தார்.

அடுத்த கிழமை பரியாரியார் ஜொஹறாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சொல்ல மனமில்லை. மாப்பிள்ளைப் பெடியன்ர வயித்தில கத்தி தெரியுது. ஒளிக்கிறான். ஏழு முடிச்சு நூல் கட்டாட்டி இந்தக் கலியாணம் வேண்டாம்."

ஜொஹறா பதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "ஏழு முடிச்சும் வேணாம், எட்டு முடிச்சும் வேணாம். நோயை மறைச்ச மாப்பிள்ளை எங்களுக்கு வேணாம். நாளைக்கே சொல்லி அனுப்புறன்."

நோய் எதுவென்று அஸ்னாவுக்குத் தெரியும். சிறுநீரகத்தில் கல் என்று றிப்னாஸுக்கு ஒப்பரேசன் செய்தது உண்மை. "உம்மாட்டச் சொல்லாதீங்க, பயப்பிடுவா" என்று அவன் ஈமெயிலில் எழுதியதும் உண்மை. அந்த ஈமெயிலை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இப்போது மூன்றாவது ஆளாக வைரவர்.

"உம்மா, அந்த நூலுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

"முந்நூறு."

"வேற?"

உம்மா அலுமாரியைப் பார்த்தார். அஸ்னாவுக்கு எல்லாம் விளங்கியது. அவள் கத்தவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க உம்மா" என்றாள். கொமினிக்கேசன் கடைக்குப் போய் றிப்னாஸோடு ரெலிபோனில் கதைத்தாள். அன்று பின்னேரமே அவனுடைய ஈமெயில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அஸ்னா உம்மாவையும், ஒட்டுசுட்டானிலிருந்து வந்திருந்த சிறாஜ் மாமாவையும் கூட்டிக்கொண்டு நெற் கபேக்குப் போனாள். வரிசையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் செல்வநாயகம் நின்றார். ஒட்டிய கடித உறை ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"ஐயா, நான் சொல்லுமட்டும் பிரிக்காதேங்கோ."

"பிள்ளை, முப்பது வருசம் பிரிக்காமல் இருந்தனான். இன்னும் பத்து நிமிசம் இருக்க மாட்டனோ?"

அஸ்னா பரியாரியாரின் முன்னால் போய் இருந்தாள். "ஐயா, றிப்னாஸ் எங்கட உம்மாவுக்கு இன்னும் ஏதோ ஒளிக்கிறார். பாத்துச் சொல்லுங்கோ."

தவராசா கண்ணை மூடினார். உடம்பு நடுங்கியது. அவருடைய நடுக்கத்தை நான் குறைத்துத்தான் சொல்கிறேன். கூரைத் தகரத்தில் இரண்டு ஆணி கழன்றது.

"கறுப்பா ஒரு உருவம்... காது பெரிசு... ஆனை! ஒட்டுசுட்டானில, மாமன் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள்ள ஒரு ஆனைக்குட்டி! கலியாணத்துக்குப் பரிசாக் குடுக்கக் களவா வளக்கினம்!"

சனம் வாயைப் பிளந்தது. சிறாஜ் முன்னுக்கு வந்தார்.

"பரியாரியார், நான்தான் அந்த மாமன். என்ர கோடிக்குள்ள நிக்கிறது ஒரு பப்பாசி மரம்."

"ஐயா, இப்ப பிரியுங்கோ" என்றாள் அஸ்னா.

செல்வநாயகம் உறையைப் பிரித்து உரக்க வாசித்தார்: "மாமா வீட்டில் யானைக்குட்டி என்று பரியாரியார் சொல்லுவார். அது நானும் றிப்னாஸும் சேர்ந்து எழுதிய பொய். அந்தப் பொய் என் ஈமெயிலைத் தவிர வேறெங்கும் இல்லை."

தவராசா தண்ணீர் கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை.

"இன்னும் ஒண்டு" என்றாள் அஸ்னா. "இண்டைக்குக் காலமை அவர் இன்னொரு கடிதம் எழுதினவர். அதில என்ன இருக்கு?"

"இண்டைக்கு... மப்பாக் கிடக்கு, ஒண்டும் தெரியேல்லை."

"மப்பில்லை ஐயா. விடியவே நான் கொமினிக்கேசன் கடைக்குப் போய்ப் பாஸ்வேட்டை மாத்திப் போட்டன்."

முதலில் சிரித்தவர் செல்வநாயகம். பிறகு வரிசை முழுதும் சிரித்தது. பரியாரியார் "தியான நேரம்" என்று எழும்பினார். மணி காலை பத்து.

வரிசையில் நின்ற பேச்சியம்மா கேட்டார்: "அப்ப வீ.பி.என் எண்டு ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"இருக்கு அம்மா. ஆனா அது நூல் இல்லை, கொம்பியூட்டரில போடுற சாமான். கடிதம் போற வழியை மூடுறது. ஆனா மூடித் தாறவன் தன்ர பக்கத்தால பாக்கலாம். அதால ஆர் தாறான், என்னத்துக்குத் தாறான் எண்டு பாத்திட்டு எடுங்கோ. நம்பிக்கை இல்லையெண்டால் எடாதேங்கோ. எடுத்தாலும் எடாட்டியும் பாஸ்வேட்டை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"நல்ல புத்தி பிள்ளை. நீரே என்ர பாஸ்வேட்டை மாத்தி விடுமன். இப்ப இருக்கிறது பேச்சி..."

"அம்மா! சொல்லாதேங்கோ!"

 வீட்டுக்குப் போகும் வழியில் ஜொஹறா மெதுவாகக் கேட்டார்.

"மகள், அந்தக் கல்லு?"

"எடுத்தாச்சு உம்மா. இப்ப சுகம். உங்களுக்குப் பயந்துதான் சொல்லல்ல."

"எனக்குப் பயப்பிடுற மாப்பிள்ளை எண்டால் நல்ல மாப்பிள்ளைதான். நிக்காஹ் நாளை மாத்த வேணாம்." சிறிது தூரம் நடந்தார். "அது சரி, இண்டைக்குக் காலமை என்ன எழுதினவர்?"

"அது எனக்கு எழுதினது உம்மா."

உம்மா முறைத்தார். ஆனால் மறுபடி கேட்கவில்லை.

அன்று நூல் கட்டியிருந்தவர்களில் அதை அறுத்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் "கட்டினது கிடக்கட்டும், பாரமே?" என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். கடவுச்சொல் தொலைந்தால் ஐந்து நிமிடத்தில் புதிதாக ஒன்று எடுக்கலாம். "ஏன்?" என்ற சொல்லைத் தொலைத்தவருக்குப் புதிது கொடுக்க இன்னும் ஒரு கம்பனியும் திறக்கவில்லை.