காலு சார்

எந்த விளையாட்டாக இருந்தாலும் எனக்கு முதலில் பிடித்துப்போவது அதற்கான உடுப்புதான். விளையாட்டு பிறகு பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை, மணிக்கட்டுப் பட்டை இருக்கிறது. மயிலாப்பூர் மாடவீதியில் குடியிருந்துகொண்டு மலையேறும் கோல் இரண்டு வைத்திருக்கிறேன் (பரணில் இருந்து பை எடுக்க உதவுகிறது).

அந்த வருடம் சைக்கிளின் முறை. என் மனைவி வித்யாவின் அண்ணன் பாலாஜி, பாண்டிச்சேரிக்கு சைக்கிளில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் ரகம். மாமனார் வீட்டு விசேஷங்களில் எல்லோரும் அவரையே பாராட்டிக்கொண்டிருந்தால் மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நானும் ஓட்டுவேன் என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அவர் உடனே தன் பழைய சைக்கிளையும் அதற்கான ஷூவையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் கடற்கரைக்கு நான் சைக்கிளில் வர, மொத்தக் குடும்பமும் அங்கே காத்திருந்து வரவேற்பதாக ஏற்பாடு.

அந்த ஷூவின் அடியில் ஒரு கவ்வி உண்டு. பெடலில் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், கால் நழுவாது. கழற்றும் முறையையும் பாலாஜி பொறுமையாக விளக்கினார். நான் அப்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை அப்படி ஒரு கம்பீரம். (நம் மகள் போன வருடம்தான் இதையெல்லாம் கட்டிக்கொள்வதை நிறுத்தினாள் என்றாள் வித்யா.)

காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். சாந்தோம் தாண்டும்வரை ராஜா. பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்க வந்த ஒருவர் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினார். பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது. வழக்கம்போல் காலைக் கீழே ஊன்றப் பார்த்தேன். கால் வரவில்லை. வெட்டிய வாழைமரம் போல மெதுவாக, யோசிக்க நிறைய அவகாசம் கொடுத்து, மீன் பரப்பியிருந்த பலகைமேல் சாய்ந்தேன். போன் நெத்திலித் தொட்டிக்குள் முங்கி உயிரை விட்டது.

கடைக்காரர் ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து தூக்கினார். நான் எழ, சைக்கிளும் கூடவே எழுந்தது.

"இன்னா சார், காலு சைக்கிளோட ஒட்டிக்கினு கீது?"

நாலு பேர் காலை இழுத்தார்கள், நாலு பேர் சைக்கிளை இழுத்தார்கள். ஷூவுக்கு நாடா கிடையாது, ஒரு திருகுதான். திருகத் திருக அது இன்னும் இறுகியது. கடைசியில் ஸ்டெல்லா அக்கா மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். ஷூவை அறுத்துவிடலாம் என்றார்.

"வேணாம்க்கா. அது மச்சானோடது."

"காலு உன்னுதுதான?"

அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பெசன்ட் நகரில் இதைக் கழற்றத் தெரிந்தவர் இருக்கிறார், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் என்று கெஞ்சினேன். அக்காவின் தம்பி தேசிங்கு தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்தார். சைக்கிளும் நானுமாக, வஞ்சிரப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுக்கவைக்கப்பட்டோம். மேலே ஈரச் சாக்கு (வெயில் ஏறிவிட்டதாம்). அடையாறு சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் எட்டிப் பார்த்து இது என்ன என்று விசாரித்தார். தேசிங்கு திரும்பாமலேயே "டெலிவரி" என்றார்.

கடற்கரையில் மாமனார் செல்போனில் வீடியோ எடுக்கத் தயாராக, சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வண்டி அவர் முன்னாலேயே நின்றது. தேசிங்கு சாக்கை விலக்கினார். மாமனார் எடுப்பதை நிறுத்தவே இல்லை.

பாலாஜி வந்தார். என் குதிகாலைப் பிடித்து வெளிப்பக்கமாக ஒரு திருப்பு. டக். அடுத்த கால். டக்.

தேசிங்கு காலைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்ளோதானா சார்?"

எனக்கு மறுபடியும் பூட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இதற்கிடையில் மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்து, வஞ்சிரம் நன்றாக இருக்கிறதே என்று பேரம் பேச ஆரம்பித்திருந்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அடையாற்றில் அவர்கள் வீட்டுக்கு மீன் தேசிங்குதான் கொண்டுவருகிறார். இன்றுவரை என் பெயரை அவர் கேட்டதில்லை. நாங்கள் போயிருக்கும் வாரங்களில் வாசலில் இருந்தே குரல் வரும்: "காலு சார் வந்துகீறாரா? அப்போ கொஞ்சம் சேத்துப் போடறேன்." வீட்டில் மற்றவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். மகள்கூட.

போன மாதம் தேசிங்கு பெண்ணுக்குக் கல்யாணம். உறைமேல் 'காலு சார் குடும்பத்தினர்' என்று எழுதிய பத்திரிகை வந்தது, குடும்பத்தோடு போனோம். தேசிங்கு என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், சம்பந்தி வீட்டாரிடம் "நான் சொல்லல? இவர்தான்" என்று அறிமுகப்படுத்தினார்.

அவர்களில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.