பிளம்பர் விசா

"மோயா!" என்று கட்டிலைக் காட்டி அலறினார் அபு நாசர்.

மோயா என்றால் தண்ணீர். சவுதியின் தம்மாமுக்கு வந்த முதல் வாரத்திலேயே வைரவன் கற்றுக்கொண்ட சொல். மெத்தையின் நடுவே ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஈரம். அண்ணாந்து பார்த்தான். அதற்காகவே காத்திருந்ததுபோல் கூரையிலிருந்து ஒரு சொட்டு அவன் மூக்கு நுனியில் விழுந்தது.

"மோயாதான் பாபா" என்று ஒப்புக்கொண்டான்.

"அன்த்த பிளம்பர்! ஈத் பெஹ்லே மோயா கலாஸ். இல்லா, வைரா கலாஸ்!"

அரபி பாதி, இந்தி பாதி, மிச்சத்தைக் கையால் சொன்னார் அவனுக்கு விசா கொடுத்த முதலாளி, அதாவது கஃபீல். பெருநாளுக்குள் ஒழுகல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வைரவன் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். விமானம் பறப்பதைக் கையை விரித்தே காட்டிவிட்டுப் போனார்.

ஒழுகியது கஃபீல் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு கேரவன். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற வீடு. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியது. பெருநாள் விடுமுறைக்கு அதைக் கடற்கரைக்கு இழுத்துப்போய், மனைவியின் அண்ணன் தம்பிகள் பார்க்கக் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும் என்பது கஃபீலின் கனவு. அதற்காகக் கூரைமேல் பெரிய தண்ணீர்த் தொட்டியும் வைத்திருந்தார்.

கனவில் ஒரு சிக்கல். பிளம்பர், பிளம்பர் இல்லை.

வைரவன் பரமக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சலூன் நடத்தியவன். அவன் போன அன்று ஏஜெண்டிடம் இரண்டு விசாதான் மிச்சம் இருந்தது. "ஆடு மேய்க்கிறியா, குழாய் மாட்டுறியா?" என்று கேட்டார். ஆடு முட்டும், குழாய் முட்டாது என்று வைரவன் குழாயைத் தேர்ந்தெடுத்தான்.

திரும்பிப் போகவும் வழியில்லை. சலூனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்த மச்சினன் போன மாதம் போனில் சொல்லிவிட்டான்: "நாற்காலிக்குப் புது ரெக்சின் போட்டாச்சு மச்சான். போர்டுலயும் என் பேர எழுதியாச்சு. நீங்க அங்கனயே நல்லா இருங்க."

கஃபீலின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வைரவனின் விரல்கள் தாமாகக் கத்தரித்தன. தாடியின் வலப்பக்கம் காதில் தொடங்கியது. இடப்பக்கம் பாதிக் கன்னத்தில் போனால் போகிறது என்று தொடங்கியது. தாடையில் எப்போதும் ஒரு பஞ்சுத் துணுக்கு. இந்த ஊர் நாகரிகம் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டான். தாடியைப் பற்றிப் பேசினால் பிளம்பர் வேஷம் கலைந்துவிடும்.

கட்டிலுக்கு மேலிருந்த பலகையைக் கழற்றினான். உள்ளே தொட்டியிலிருந்து வரும் குழாய். ஒரு இணைப்பில் ஈரம். திருகிக் கழற்றி, மரையில் வெள்ளை டேப்பை, வெட்டுப்பட்ட விரலுக்குக் கட்டுப் போடுவதுபோல் பக்குவமாகச் சுற்றி, மறுபடி திருகினான். கட்டிலில் சொட்டு நின்றது.

சோபாவில் ஆரம்பித்தது.

சோபாவுக்கு மேலிருந்த இணைப்பையும் அதே பக்குவத்தோடு சுற்றினான். அடுப்பின் மேல் சொட்டியது. அடுப்புக்கு மேலே சுற்றினான். பழையபடி கட்டிலில் சொட்டியது, இம்முறை இரண்டு இடத்தில்.

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் பக்கத்துக் கட்டில்காரன் பாலகுருவிடம் போய் நின்றான். பாலகுரு எலக்ட்ரீஷியன். உசிலம்பட்டியில் பரோட்டா மாஸ்டராக இருந்தவன். கேம்ப்பில் ஃபியூஸ் போனால் எல்லோரும் சேர்ந்து முதலில் அவனைத்தான் ஒளித்து வைப்பார்கள்.

"எங்க ஒழுகுதுன்னு ஏன்டா தேடிக்கிட்டுக் கெடக்க?" என்றான் பாலகுரு. "மொத்தமா மூடு. மாவப் பெசஞ்சு, வீசி, அப்பிவிட்டா ஒரு சொட்டு எறங்காது."

"எந்த மாவ மாப்ள?"

"கடையில பசை விக்கிறான்ல, காஞ்சா கல்லாயிரும், அந்த மாவ."

பாலகுருவே வந்தான். பசையைப் பிசைந்தான், உருட்டினான், பழக்கதோஷத்தில் ஒரு ஈரத்துணி போட்டு ஊறவைத்தான். பிறகு கேரவனின் கூரைப் பலகை முழுவதும் ஒரு சந்து விடாமல் அப்பினான். சொட்டு எல்லா இடத்திலும் நின்றது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கூரை நிறைமாதமாக இருந்தது.

வெளியே வர வழியில்லாத தண்ணீர் பலகைக்கு மேலே தங்கி, நடுவில் தொந்தி தள்ளியிருந்தது. விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தில் கழுத்துவரை தண்ணீர். அதில் ஒரு வண்டு மல்லாந்து மிதந்தது.

"லைட்டுக்குள்ள தண்ணி போயிருச்சுடா. நீதான எலக்ட்ரீஷியன், கழட்டு!"

பாலகுரு இரண்டடி பின்வாங்கினான். "அதெல்லாம் விசாவுலதான் மாப்ள."

வைரவன் மெயின் சுவிட்சை அணைத்தான். தொந்திக்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்தான். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சின்ன ஓட்டை, ஊசி முனை அளவுக்குத்தான், போட்டான். பலகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழிந்தது. பக்கெட் நிறையவில்லை, கவிழ்ந்து மிதந்தது. கஃபீலின் மனைவி தேடித் தேடி வாங்கிய கம்பளம் குளத்தடியில் கிடந்தது.

"நான் வந்ததாவே சொல்லாத" என்று சொல்லிவிட்டு பாலகுரு மறைந்தான்.

நாளைக்குப் பெருநாள். வைரவன் கம்பளத்தைச் சுவர்மேல் போட்டுக் காயவைத்தான். கிழிசலைக் கூரை நிறத்துப் பிளாஸ்டிக் தாளால் மறைத்தான். கடைசியில், நான்கு மாத பிளம்பர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, ஒரு நல்ல யோசனை வந்தது. கூரைமேல் ஏறித் தொட்டி வால்வை மூடிவிட்டு இறங்கினான்.

சாயங்காலம் அபு நாசர் வந்தார். கூடவே தோளில் துண்டும் கையில் பெட்டியுமாக ஒல்லியாக ஒருவன்.

"வைரா! மோயா?"

"மாஃபி பாபா!" இல்லவே இல்லை என்று கையை விரித்தான்.

கஃபீல் கட்டிலைத் தடவினார், சோபாவைத் தடவினார், அடுப்பைத் தடவினார். ஒரு சொட்டு இல்லை. முகம் மலர்ந்து வைரவனின் முதுகில் ஓங்கித் தட்டினார். பிறகு கூரையின் நடுப்பகுதிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, ராஜாபோல் சாய்ந்து, பெருநாள் சவரத்துக்குக் கன்னத்தைக் காட்டினார்.

ஒல்லியானவன் பெட்டியைத் திறந்தான். மேலப்பாளையத்து செய்கு அலாவுதீன். கஃபீலின் சலூனில் ஆறு மாதமாக பார்பர். அவன் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும் வைரவனுக்கு எல்லாம் புரிந்தது. தாடி நாகரிகம் இல்லை. தாடி ஒரு விபத்து.

முகத்தில் நுரை பூசிக் கத்தியை ஓட்டத் தொடங்கிய அலாவுதீன், கத்தியைக் கழுவக் குழாயைத் திருகினான். காற்றுதான் வந்தது.

"லேஷ் மோயா மாஃபி?" என்று நுரைக்குள்ளிருந்து கேட்டார் கஃபீல். ஏன் தண்ணீர் இல்லை?

"மேல வால்வு மூடியிருக்கும் பாபா. ஒரே நிமிஷம்" என்ற அலாவுதீன், வைரவன் தடுப்பதற்குள் வெளியே பாய்ந்தான். கூரையில் காலடிச் சத்தம். இறங்கி வந்து, கத்தியைக் கழுவி, மீசைப் பக்கம் கொண்டுபோனான்.

மேலே டேப் சுற்றிய இணைப்பு ஒன்று பட்டென்று கழன்றது. பிளாஸ்டிக் தாள் ஒருமுறை இருமியது.

பிறகு மொத்தத் தண்ணீரும் கஃபீலின் தலையில் இறங்கியது. அவர் துள்ளினார். கத்தி வழுக்கியது. தண்ணீர் வடிந்தபோது மீசையின் ஒரு பாதி தரையில் மிதந்துபோனது.

அபு நாசர் கண்ணாடியைப் பார்த்தார். மிச்ச மீசையைத் தடவினார். பிறகு, "இத்னேன் கலாஸ்! தோனோ தய்யாரா!" என்று இரண்டு விரலை நீட்டி, இரண்டு கையையும் விமானமாக விரித்துக் காட்டிவிட்டு, முகத்தைத் துண்டில் பொதிந்துகொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

வைரவன் நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"ஏய்யா, முடி கீழ் பாத்து மொளச்சா கத்திய மேல் பாத்தா இழுப்ப? எதிர்ச்சவரம் பண்ற மூஞ்சியாய்யா அது? தோல இழுத்துப் புடிக்கத் தெரியல, கத்தியச் சாய்க்கத் தெரியல! தொழில் தெரியாதவன்லாம் எதுக்குய்யா பொட்டியத் தூக்கிக்கிட்டு சவுதி வர்றீங்க?"

அலாவுதீன் அவனைப் பார்க்கவே இல்லை. கிழிந்த கூரைக்குள் தெரிந்த குழாயை அண்ணாந்து பார்த்து, வலி தாங்காதவன்போல் முகத்தைச் சுளித்தான்.

"மரை வலப்பக்கமாப் போனா டேப்ப இடப்பக்கமாச் சுத்துற பாவி எவம்ணே?" என்றான். "கத்திய நீங்க புடிங்க, அந்த ஸ்பேனர எங்கிட்ட தாங்க, பார்பர்லாம் விசாவுலதாம்ணே."