பழைய பனியனுக்குப் பாதி விலை

என் அப்பா இருபத்திரண்டு வருடம் நடத்திய துணிக்கடையை நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்து வைத்தேன். யாருடைய உதவியும் இல்லாமல், முழுக்க முழுக்க என் சொந்த அறிவால். (எம்.பி.ஏ. படித்த அறிவு. அதைச் சொல்லாமல் விட்டால் படிக்க வைத்தவர்களுக்கு மரியாதை இல்லை.)

திருப்பூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது எங்கள் கடை. நாலு பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அப்பா கல்லாவில் இருப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடமே பதினைந்து வருடமாக இருந்த மாரியண்ணன் துணி எடுத்துப் போடுவார். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள்தான் வாடிக்கை. (எங்கள் ஊரில் டி-சர்ட்டும் பனியன்தான்.) ஞாயிறானால் குடும்பத்தோடு வருவார்கள்.

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு எங்களுக்கு நேர் எதிரே மூன்று மாடியில் ஒரு ஷோரூம் திறந்தார்கள். குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு, வாசலில் சல்யூட் அடிக்க ஒரு ஆள். எங்கள் வாடிக்கையாளர்கள் முதலில் குளிருக்காகப் போனார்கள். பிறகு திரும்பி வரவில்லை.

நான் அப்போதுதான் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். விடுவேனா? அப்பாவைக் கூடத்தில் உட்காரவைத்து, சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி, நடுவில் ஒரு வட்டம் போட்டேன்.

"இது நம்ம கடைங்கப்பா. எதிர்க்கடைக்காரங்களால செய்யவே முடியாத ஒண்ண நாம செய்யோணும். பழைய பனியன் ஒண்ணு கொண்டு வந்தா, புதுசு ஒண்ணு பாதி விலைக்கு. யாருமே பண்ணாத யோசனைங்க."

அப்பா வட்டத்தைப் பார்த்தார்.

"அவுங்களால முடியாம இல்ல கண்ணு. வேண்டாம்னு இருக்கறாங்க."

"நீங்க பழைய காலத்து யாவாரம் பேசறீங்க."

"இந்த ஊருல பழைய பனியன் இல்லாத ஊடு ஏது சாமி?"

"அதுதானுங்கப்பா நமக்கு வேணும். கூட்டம் வருமில்லீங்க!"

அப்பா எழுந்தார். "செரி, நீ படிச்ச புள்ள" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என் தங்கை கவிதா நோட்டீஸ் அடித்து, கம்பெனி வேன் டிரைவர்கள் மூலம் ஊரெல்லாம் கொடுத்தாள். ஒருவருக்கு ஒன்றுதான் என்றோ, பழசு எப்படி இருக்க வேண்டும் என்றோ, இருப்பு உள்ளவரை என்றோ அதில் ஒரு வரி கிடையாது. வாசகத்தை எழுதியவள் நான். சின்ன எழுத்தில் நிபந்தனை போட்டால் வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும் என்று படித்திருந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தோம். மாரியண்ணன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"பாப்பா, எல்லாரும் மூட்டையோட நிக்காவ."

ஏற்றுமதிக்குத் தைத்ததில் கறை பட்டது, அச்சு கோணியது, அளவு தப்பியது என்று ஒதுக்கும் பனியன்கள் எங்கள் ஊரில் மலைமலையாகக் கிடக்கும். எடைக்குப் போடுவார்கள், தரை துடைக்க எடுத்துப் போவார்கள். இதெல்லாம் அந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். சார்ட் பேப்பர் ஒட்டிய அன்று மட்டும் தெரியவில்லை.

வரிசையில் முதலில் நின்ற ஆள் மூட்டையைப் பிரித்தார். உள்ளே நாற்பது பனியன். எல்லாவற்றிலும் இடது கை இல்லை.

"ஏனுங்க, இதுல ஒரு கை தைக்கவே இல்லீங்களே?" என்றேன்.

அவர் மடித்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்து நிதானமாகப் படித்தார். "ரெண்டு கையும் இருக்கோணும்னு போடலீங்களே அம்மிணி."

அவருக்கு அடுத்து தாராபுரத்திலிருந்து ஒரு துணி வியாபாரி, டெம்போ நிறையப் பழசோடு. எங்கள் புதுச் சரக்கைப் பாதி விலையில் கட்டுக்கட்டாக ஏற்றினார். (அடுத்த வாரம் அவர் கடையில் எங்கள் விலைச்சீட்டோடு முழு விலைக்கு விற்றாராம்.) பாதி விலை என்பது நாங்கள் வாங்கிய விலைக்கும் கீழே. ஒவ்வொரு பனியன் வெளியே போகும்போதும் நஷ்டம், கூட்டமோ குறையவில்லை. நெரிசலில் கண்ணாடி அலமாரி உடைந்து மாரியண்ணன் உள்ளங்கை கிழிந்தது. பழைய பனியன் ஒன்றையே சுற்றிக்கொண்டு அவர் துணி எடுத்துப் போட்டார். எதிர்க்கடையின் முதல் மாடிக் கண்ணாடி வழியே அந்தக் கடை ஊழியர்கள் வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, ஷட்டரை இழுத்துடலாமுங்க. எதாச்சும் சொல்லிக்கலாம்."

"நோட்டீசுல நம்ம கடைப் பேரு போட்டிருக்குதே கண்ணு" என்றார் அப்பா. அவ்வளவுதான். மறுபடி பில் போடக் குனிந்துகொண்டார்.

நாலு மணிக்கு அலமாரிகள் காலி. வரிசையின் கடைசியில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், மனைவியோடு காத்திருந்தார். கையில் மூட்டை இல்லை.

"பழசு இது ஒண்ணுதான் இருக்கு, பையா" என்று அப்பாவை இந்தியில் அண்ணனாக்கி, போட்டிருந்த டி-சர்ட்டையே கழற்றி நீட்டினார். தோள்பட்டையில் இரண்டு ஒட்டு. அன்றைக்கு என் நோட்டீஸை நான் நினைத்தபடியே புரிந்துகொண்ட ஒரே மனிதர். கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். வாசலில் நின்ற பொம்மையின் மேல் ஒரு நீலச் சட்டை மிச்சமிருந்தது. அதன் கையைத் திருகிக் கழற்றி, சட்டையை உருவி, தூசி தட்டிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். அவருடைய மனைவி எங்களைக் கும்பிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு அப்பாவே ஷட்டரை இழுத்தார்.

அந்த ஒரு நாளோடு போயிருந்தால் எப்படியோ எழுந்திருப்போம். தீபாவளிக்குக் கைமாற்று வாங்கிச் சரக்கு நிரப்பினோம். பழைய வாடிக்கையாளர்களும் வந்தார்கள். துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், பிறகு மெதுவாக, "மறுபடி எப்பங்க பழசு எடுப்பீங்க?" என்பார்கள். எடுக்க மாட்டோம் என்றால், "அப்பறமா வர்றமுங்க" என்று போய்விடுவார்கள். முழு விலை சொன்னால் நாங்கள் ஏமாற்றுவதாகவே அவர்களுக்குப் பட்டது. ஒரு தடவை பாதி விலைக்கு வாங்கியவர்களுக்கு அடுத்து முழு விலை எப்படித் தோன்றும் என்று நான் படித்த புத்தகங்களில் தனி அத்தியாயமே இருந்தது. பரீட்சையில் அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பொங்கலுக்குள் கடையைக் காலி செய்தோம்.

மறுநாள் எதிர்க்கடை மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாரியண்ணனை வேலைக்குக் கேட்டு.

"மொதலாளியையும் கூப்பிட்டா நா வாரேன். இல்லைன்னா ஊருக்குப் பஸ் ஏறுதேன்" என்றார், கணக்குத் தீர்க்க வந்திருந்த மாரியண்ணன்.

அப்படித்தான் என் அப்பாவுக்கு அறுபது வயதில் வேலை கிடைத்தது. மாரியண்ணன் தளப் பொறுப்பாளர். அப்பா அவருக்குக் கீழே, ஆண்கள் பிரிவில், நெஞ்சில் பெயர்ப்பட்டையோடு. முதல் வாரமே மாரியண்ணனைக் கூப்பிட்டு, அப்பாவை 'மொதலாளி' என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அங்கே வேறு முதலாளி இருக்கிறார்.

நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் இருக்கிறேன். எந்த நிறம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலை. யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை.

வீட்டில் மட்டும் பழக்கதோஷத்தில் "ஒண்ணு பண்ணலாமா..." என்று ஆரம்பித்துவிடுவேன். உடனே கவிதா எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத ஷட்டரைக் 'கடகடகட' என்று வாயாலேயே கீழே இழுப்பாள். சொந்தக்காரர்கள் விசேஷங்களில் அவளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லிப் பார்ப்பதுண்டு. என் நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் தூரத்து உறவினர் ஒருவர் "பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்க?" என்று கேட்டபோதும் செய்தாள். கதையை அம்மா விளக்க, பந்தியே குலுங்கியது. மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

அப்பாவும் சிரித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பாயசத்துக்கு முன்பே இலையை மடித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி, ரெண்டு மணிக்கு எனக்கு டியூட்டி. லேட்டாப் போனா மாரிய வைவாங்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.